எல்லாக் கோடுகளும் போய்ச் சேர்ந்த புள்ளி

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: மனு கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் தகவலைத் தர வேண்டும், அல்லது ஏன் தர முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் செய்யாமல் சும்மா இருப்பது என்ற மூன்றாவது வழி சட்டத்தில் இல்லை. நடைமுறையில் மட்டும் உண்டு. நான் பதிவுத்துறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மூன்றாவது வழியின் மேடுபள்ளமெல்லாம் எனக்குத் தெரியும்.

மனு என்னுடையது அல்ல. திருவள்ளூரில் என் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியையுடையது. பிரிவுகளை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் பொன்னேரியை அடுத்த ஆரணிக்காரர். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். தம்பிகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டார். அவருடைய கேள்வி எளிமையானது: வயலை விட்டுக் கம்பெனிக்குப் போன ஜனங்களுக்கு இப்போது யார் துணை? ஊரில் கல்யாணம் என்றால் தெருவே சாட்சி. எங்கெங்கிருந்தோ வந்து ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், பதிவு அலுவலக வாசலில் மாலை மாற்றிக்கொள்கிற ஜோடிக்கு யார் சாட்சி?

விடை தேட அவர் பிடித்தது திருமணப் பதிவேட்டை. யாருடைய திருமணத்துக்கு யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டாரோ அவர்களுக்கிடையே ஒரு கோடு. அப்படிக் கோடு போட்டுக்கொண்டே போனால் ஒரு வட்டாரத்தின் உறவெல்லாம் படமாகிவிடும் என்றார். மேலிடத்து அனுமதி வாங்கினார். பெயரையும் விலாசத்தையும் நீக்கி, ஊர், காலனி, குடும்பத் தொழில் என்ற குறிப்புகளை மட்டும் விட்டு, ஆளுக்கொரு எண் போட்டு, பல வருடப் பதிவேட்டைக் கணினிக் கோப்பாகக் கொடுத்தார்கள். எந்த எண் யார் என்று கண்டுபிடிக்க முயல மாட்டேன் என்று உறுதிமொழியும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நல்ல நடைமுறை. நாங்களெல்லாம் பதிவேட்டை மேசைமேல் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்கள்.

படத்தை அவர் முதலில் காட்டியது ஒரு மழைக்கால மதியம். திரையில் புள்ளிகள் மெல்ல நகர்ந்தன. கோடு உள்ளவை ஒன்றையொன்று இழுத்தன, இல்லாதவை விலகின, கடைசியில் எல்லாம் தாமாகவே ஓர் இடம் பார்த்து அமர்ந்தன. சோழவரம் ஏரியில் காற்று நின்ற பிறகு தண்ணீர் அடங்குமே, அதுபோல. அன்றிலிருந்து என் பகல் தூக்கம் மாறிப்போனது. கண்ணை மூடினால் காக்களூர்ப் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு கோடு கிளம்பும். நெல் வயலுக்கு மேல், ஏரிக்கு மேல், மாடுகளும் லாரிகளும் நிற்கிற சாலைக்கு மேல் மிதந்து போய், சிப்காட் புகைக்குள் நுழைந்து, மறுபக்கம் யாரோ ஒரு பெண்ணின் மணிக்கட்டில் முடியும். அவள் லேசாக இழுத்தால் இங்கே லேத்தில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். நான் தூக்கத்திலேயே என் மணிக்கட்டைத் தடவிப் பார்ப்பேன். கைக்கடிகாரம்தான் இருக்கும்.

ஐப்பசியில் ஒரு நாள் டீச்சர் மடிக்கணினியோடு இறங்கி வந்தார். முகம் சரியில்லை.

“சார், இந்த ஒரு நம்பரப் பாருங்க. எல்லார் கல்யாணத்துலயும் இருக்கு. ஆந்திராப் பொண்ணு, செங்குன்றம் பையன், நெலம் நீச்சு வச்சிருக்கிற ஊட்டுப் பொண்ணு, காலனிப் பையன், எல்லாருக்கும் இதுதான் சாட்சி.”

“நல்ல மனசு உள்ள நம்பரா இருக்கும்.”

“கிண்டல் பண்ணாதீங்க சார். எங்க கைடு, இது தப்பா ஏறுனதுன்றாரு. காலியா இருந்த எடத்துலலாம் கம்ப்யூட்டர்ல ஒரே நம்பரப் போட்டு ரொப்பிட்டாங்களாம். தூக்கிடும்மான்றாரு.”

“தூக்கினா இன்னா ஆவும்?”

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். நடுவிலிருந்த பெரிய புள்ளி மறைந்தது. அடுத்த நொடியில் படம் நகர ஆரம்பித்தது. நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் ஒதுங்கினார்கள், காலனி ஒரு பக்கம், வெளியூர் ஜோடிகள் இரண்டிரண்டு புள்ளியாகத் திரையின் ஓரங்களுக்குச் சிதறிப் போனார்கள். ஆராய்ச்சியில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அந்த எண் ஒரே ஆள்தான் என்று அலுவலகம் எழுத்தில் தந்தால் அத்தியாயத்தை ஏற்றுக்கொள்வேன், இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாராம் வழிகாட்டி. ஏற்கெனவே நீட்டித்த பதிவுக்காலம் தை மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இத்தனை வருடம் விடுமுறையெல்லாம் தின்ற உழைப்பு வீண்.

எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே டீ வாசனை வந்துவிட்டது. நான் வேலை பார்த்த அலுவலகங்களில் ஒன்றுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட டீக்கடையில், ஒருவர் காலையிலிருந்து மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பையில் தன் ஆதார் அட்டையின் நகல்கள் கட்டாக இருக்கும். சாட்சிக்கு ஆள் இல்லாமல் வருகிற ஜோடியைப் பத்திரம் எழுதுகிறவர் இவரிடம் அனுப்புவார். இவர் வந்து கையெழுத்துப் போடுவார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. யார் என்று சொன்னால் டீச்சர் உறுதிமொழியை மீறியவர் ஆகிவிடுவார்.

அதனால் மனுவைக் கவனமாக எழுதினோம். ‘இந்த எண் யாருடையது என்று கேட்கவில்லை. இது ஒரே நபரா, பதிவேற்றப் பிழையா என்பதை மட்டும் தெரிவிக்கவும்.’ கார்த்திகையில் பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேல்முறையீடு அனுப்பினோம். அதுவும் போன திசை தெரியவில்லை.

மார்கழியில் இருவரும் அந்தப் பழைய அலுவலகத்துக்கு நேரிலேயே போனோம். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த இளைஞருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

“ஃபைலு மேல போயிக்கிது சார்.”

“இந்தக் கட்டடத்துக்கு மாடியே கெடையாதேப்பா.”

“இன்னா சார், உனக்குத் தெரியாததா. மேலன்னா மேல.”

எதிரே டீக்கடைக்கு வந்தோம். பெஞ்சில் அவர் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, பை அதேதான்.

“வா சார். ரிட்டேர் ஆனதும் இந்தப் பக்கமே காணோம். யாரு, பொண்ணா?”

“மாடியில குடியிருக்காங்க. டீச்சர்.”

“டீச்சரா? அப்ப காலு மேல காலு போடக் கூடாது” என்று காலை இறக்கி உட்கார்ந்தார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டீ வருவதற்குள் ஒரு பைக் வந்து நின்றது. கம்பெனிச் சட்டை போட்ட இளைஞன், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவள் இறங்கி நேரே அவரிடம் வந்தாள்.

“மாமா, நல்லா கீறியா?”

“எனக்கு இன்னாம்மா, குந்திக்கினே கீறேன். இன்னா நைனா, கல்யாணத்தன்னிக்கு ஓணான் மாதிரி இருந்த. இப்ப தொப்பை போட்டுக்கினு வந்து நிக்கற.”

“இவ சமையல் மாமா” என்றான் அவன்.

“பாப்பாக்குக் காது குத்தறோம்” என்றாள் அந்தப் பெண். “மடியில ஒக்கார வெச்சிக்கத் தாய்மாமன் வேணும்ன்றாங்க. எங்க அண்ணன் எங்கூடப் பேசறதே இல்ல. நீதான் வரணும்.”

“போன மாசந்தான் ஒரு மடி ஆச்சும்மா. புள்ளிங்க ஒதைக்கிற ஒதையில காலே மரத்துப் போவுது. எங்க வெக்கறீங்க?”

“பெரியபாளையத்துல.”

“அம்மன் கோயிலா, அப்ப வரணும்.” சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். அதில் கற்கண்டு. ஒரு துண்டை அவள் கையில் வைத்தார். எனக்கு அது பழைய காட்சி. கையெழுத்துப் போட்டு முடித்ததும் எந்த ஜோடியையும் அவர் வெறும் வாயோடு அனுப்பியதில்லை. கட்டணப் பட்டியலில் இல்லாத ஒன்று என்பதால் நாங்கள் யாரும் அதைக் கவனித்துக் குறித்ததும் இல்லை.

டீச்சரின் கையில் டீ ஆறிப்போயிருந்தது. அவர் குழந்தையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரிடம் சில்லறை கேட்டேன்.

திரும்பும்போது பேருந்து ஜன்னலுக்கு வெளியே நீர் தேங்கிய வயல்கள் ஓடின. பாதி வழியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லலையே?”

“ஒண்ணும் சொல்லலை.”

“நானும் எதுவும் கேக்கலை.”

“கேக்கலை.”

“அப்ப இதை எழுத முடியாது.”

“பதில் வராம முடியாது.”

அவர் அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தார். நடுவில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். பொங்கல் வந்து போனது. மாடியில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்கும், நிற்கும். நான் பகலில் படுத்தால் அதே கோடுகள் வந்தன. ஆனால் இப்போது அவை மணிக்கட்டுகளில் முடியவில்லை. காக்களூரிலிருந்தும் சோழவரத்திலிருந்தும் எங்கெங்கோ இருந்தும் வந்து தகரக் கூரைக்குக் கீழே இறங்கி, ஒரு வயதானவரின் மடியைச் சுற்றிச் சுற்றிப் படிந்தன. அவர் கால் மரத்துப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் வரிசையில் நின்றன. அந்த வரிசையின் கடைசியில், எனக்கு இன்ன வேலை என்று தெரியாமல், கற்கண்டுக்காக நானும் நின்றேன்.

தபால்காரர் அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். கோயில் குளத்தில் முழுக்குப் போட்டு ஈரத் துணியோடு போகிற கூட்டத்தில் தெருவில் ஏறி மிதிக்க வழியில்லை. “இந்தக் கூட்டத்துல பதிவுத் தபால் வேற, பேஜாரு சார்” என்று கையெழுத்து வாங்கினார். டீச்சர் மாடிப்படியிலேயே நின்று பிரித்தார். இரண்டே வரி. ‘மேற்படி எண் ஒரே நபரைக் குறிக்கும். பதிவேற்றப் பிழை ஏதும் இல்லை.’

“சார், இப்ப எழுதலாம் இல்ல?”

“இப்ப எழுதலாம்.”

அவர் படியேறிப் போனார். பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. உறையைத் திருப்பி, பழக்க தோஷத்தில், வரவுத் தேதியை அதன் மூலையில் குறித்து வைத்தேன்: தை அமாவாசை.