இந்த மாதத்தின் மூன்றாவது மௌனம்

இன்று எங்கள் ஜவுளிக்கடையில் மறுபடியும் மௌன அஞ்சலி. எங்கோ பஸ் கவிழ்ந்துவிட்டதாம்.

“இந்த மாசத்துல இது மூணாவதுடீ. கால் வலிக்குது” என்றாள் பக்கத்தில் நின்ற செல்வி அக்கா.

“ஷ்! செத்தவங்களுக்கு மரியாதை குடுங்க” என்றார் முதலாளி.

அவரிடம் கேட்க வேண்டியதை அந்த இரண்டு நிமிடமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முடிந்ததும் கேட்டுவிட்டேன்.

“அண்ணே, நாளைக்கு எங்கம்மாவுக்கு மொத வருஷ தெவசம். லீவு வேணும்.”

“நாளைக்குப் பௌர்ணமிம்மா, கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி. தெவசத்த அடுத்த வாரம் வெச்சுக்கோயேன்.”

தலையாட்டிவிட்டுப் புடவை மடிக்கப் போனேன். அழுகைகூட வரவில்லை.

நாளைக்கும் யாருக்காவது மௌனம் வைத்தால், அந்த இரண்டு நிமிடத்தை அம்மாவுக்கு எடுத்துக்கொள்வேன். உங்களில் யாராவது இப்படி எடுத்துக்கொண்டதுண்டா?