ஜிப்ஸிக்கு இரண்டு அங்குலம்

மயிலாப்பூரில் ஒரு கால்நடை மருத்துவர் நாய், பூனைகளை மட்டும் பார்த்துக்கொண்டே நிம்மதியாகக் காலம் தள்ளிவிடலாம். டாக்டர் கீர்த்தியும் காலை வேளையில் அதைத்தான் செய்கிறார். அதற்குப் பிறகு அவர் போகும் இடங்கள் வேறு. மெரினா மணலில் சவாரிக் குதிரைகள், திருவல்லிக்கேணிச் சந்துகளில் கட்டிக்கிடக்கும் பசுக்கள், சைதாப்பேட்டை ஆற்றோரத்து மாட்டுக்கொட்டகைகள். "சிட்டியில இன்னும் மாடெல்லாம் இருக்கா?" என்று யாராவது கேட்டால், "அபிஷேகத்துக்குப் பால் எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சேள்?" என்று திருப்பிக் கேட்பார்.

நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு. கன்று குறுக்கே கிடக்கும் பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுத் தலையைத் திருப்பி எடுக்க அந்த ஒல்லிக் கைதான் வசதி என்பார் ஜெயராம். ஜெயராம் அவருடைய உதவியாளர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சைதாப்பேட்டைக்காரர். மிரளும் மாட்டின் கழுத்தில் அவர் கை வைத்தால் மாடு பாதி அடங்கிவிடும்.

2023 டிசம்பர் புயலில் வேளச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு பால்காரர் கூப்பிட்டார். பசுவுக்கு வலி எடுத்து வெகுநேரமாகிறது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது. கீர்த்தி தன்னுடைய சின்னக் காரில் கிளம்பினார். பாதி வழியில் தண்ணீர் புகுந்து இன்ஜின் நின்றது. ஜெயராமும் அவருமாக மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது கன்று இறந்திருந்தது. பசு மறுநாள் போயிற்று. பால்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இந்தத் தண்ணியில நீங்க வந்ததே பெரிசு" என்றார். கீர்த்திக்கு அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

தை பிறந்ததும் ஒரு பழைய ஜிப்ஸி ஜீப்பை வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. பின்னால் கூண்டைக் கழற்றிவிட்டால் கன்றுக்குட்டியோ மட்டக்குதிரையோ நிற்கலாம். கணவர் அஸ்வின் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்து வாசல்ல இருக்கற ஒரு காரை நிறுத்தவே தினம் சண்டை. இதை எங்க கொண்டுபோய் வைக்கப்போற?" என்றார். பிறகு அவரே எதிர்வீட்டுக்காரரிடம் பேசி ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார்.

கீர்த்திக்கு ஜிப்ஸியை அப்படியே ஓட்ட மனமில்லை. இன்னும் பெரிய டயர் வேண்டும், இன்னும் உயரம் வேண்டும். மாதக்கணக்காக வீடியோக்களைப் பார்த்தார். காட்டாற்றில் முன்கண்ணாடிவரை தண்ணீர் அலையடிக்க ஏறி வரும் ஜீப்புகள். பார்க்கும்போதெல்லாம் வேளச்சேரிச் சாலை நினைவுக்கு வரும்.

ராயப்பேட்டையில் தல்ஹாவின் பட்டறை. அவருடைய அப்பா ஹபீபுர் ரஹ்மான் காலத்தில் லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் கட்டிய இடம். இப்போது அங்கே வருபவர்களில் பாதிப் பேர் ஜீப் பிரியர்கள். தல்ஹாவுக்கும் அந்தப் பித்து உண்டு. கீர்த்தி கேட்டதுமே அவர் முகம் மலர்ந்தது.

"எவ்ளோ ஏத்தணும் மேடம்?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு. முப்பத்தொரு இன்ச் டயர் போடணும்."

தல்ஹா வண்டிக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார். "டயர் பெருசானா பாதிதான் ஒயரத்துக்குப் போவும். அஞ்சு இன்ச் பெருசு போட்டா வண்டி ரெண்டரைதான் ஏறும். ஆனா அந்த டயர் இந்த மட்கார்டுக்குள்ள நிக்காது. பள்ளத்துல எறங்குனா தேய்ச்சிடும். அதுக்குத்தான் ஸ்பிரிங்க ஏத்தணும்."

அதற்கு மூன்று வழி இருந்தது. பட்டை ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்கலாம். அது சுலபம், ஆனால் ஸ்டியரிங் அலையும். அதிகம் வளைந்த புதுப் பட்டைகள் போடலாம். இரண்டு அங்குலம் கிடைக்கும். மூன்றாவதுதான் பெரிய வேலை. ஜிப்ஸியில் அச்சுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றி வைப்பது. ஒரே தாவலில் நாலைந்து அங்குலம்.

"அதையே பண்ணுங்க" என்றார் கீர்த்தி.

"சூப்பரா இருக்கும் மேடம்" என்றார் தல்ஹா. அப்படி ஒரு வண்டி கட்ட வேண்டும் என்று அவருக்கே நெடுநாள் ஆசை.

ஜெயராம் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வண்டியைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது.

பட்டறையிலிருந்து வெளியே வந்தபோது ஜிப்ஸி வேறு பிராணியாகியிருந்தது. டயரின் மேல்விளிம்பு கீர்த்தியின் இடுப்பைத் தொடப் பார்த்தது. உள்ளே ஏற ஒரு கைப்பிடியும் ஒரு குதியும் தேவைப்பட்டன. ராதாகிருஷ்ணன் சாலையில் பேருந்துக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்று முழுக்க அவருக்கு ஒரு மிதப்பு.

ஒரு வாரத்துக்குள் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வேகமெடுத்தால் வண்டியின் தரைக்கடியில் ஓர் அதிர்வு; கியர்ப் பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டு அளவுக்கு மீறிச் சாய்ந்ததால் வந்தது என்றார் தல்ஹா. பாரமான டயரை உருட்ட முடியாமல் முதல் கியரிலேயே வண்டி திணறியது. வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டியது. ஒருநாள் அடையாறு பாலத்தின் இறக்கத்தில் முன்சக்கரம் குழியில் விழ, ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் போன பெண் பயந்து கத்தினாள். கீர்த்தி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இறங்கி முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

அதையெல்லாம்கூடச் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் அப்போதும் நினைத்தார். நினைப்பை மாற்றியது பங்கஜம் வீட்டுக் கன்று.

பங்கஜம் சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் ஐந்தாறு மாடுகள் வைத்துப் பால் ஊற்றுபவர். கணவர் இல்லை. வாய் பெரிது, மாடுகள் மேல் உயிர். சுவர் இடிந்து விழுந்து ஒரு கன்றுக்குக் கால் முறிந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பலகையில் கிடத்திக் கட்டி, ஜெயராம் ஒரு பக்கம், பங்கஜம் ஒரு பக்கம் தூக்கினார்கள். ஜிப்ஸியின் பின்தளம் ஜெயராமின் மார்புக்கு வந்தது. பலகையை அந்த உயரத்துக்கு ஏற்றும்போது கன்று துள்ளியது. ஜெயராம் பலகையை விடவில்லை. விடாததால் அவருடைய தோள்பட்டை பிசகியது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா டாக்டரம்மா இது வண்டி?" என்றார் பங்கஜம். "மாட்ட ஏத்தறதுக்கா, மச்சுமேல போறதுக்கா?"

தெருவில் நாலு பேர் வந்து கை கொடுத்தார்கள். கன்று போய்ச் சேர்ந்து பிழைத்தது. வண்டி கிளம்பும் முன் தாய்ப் பசு அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கன்றின் வாசனை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அண்ணாந்து கத்தியது. அந்தச் சத்தம் கீர்த்தியின் காதில் நெடுநேரம் இருந்தது.

ஜெயராம் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில் கீர்த்தி தனியாகத்தான் போய்வந்தார். யோசிக்க அவகாசம் கிடைத்தது. மாடு தண்ணீரில் கிடக்கிற நாட்கள் வருடத்தில் எத்தனை? மாட்டை ஏற்றி இறக்குகிற நாட்கள் எத்தனை? இது தெரியாமலா உயரம் கேட்டோம்? தெரியும். ஆனால் அவர் கேட்ட உயரம் மாடுகளுக்காக இல்லை. அன்றைக்கு இடுப்பளவுத் தண்ணீரில் கையாலாகாமல் நடந்தாரே, அந்த நடையை இனி ஒருபோதும் நடக்கக் கூடாது என்பதற்காகக் கேட்டது. அதற்கு எந்த ஸ்பிரிங்கும் போதாது. நாலு அங்குலம் ஏற்றினால், ஆறு ஏற்றியிருக்கலாமோ என்றுதான் தோன்றும்.

அஸ்வினிடம் இதைச் சொன்னார். அவர், "அந்தப் பசு போனதுலேர்ந்து நீ அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. வண்டியைப் பத்தித்தான் பேசிண்டிருந்த" என்றார்.

மறுபடி ராயப்பேட்டை. தல்ஹா எதிர்பார்த்தவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எறக்கணுமா மேடம்?"

"இறக்கணும். ஆனா பழையபடி வேண்டாம்."

"தப்பு என்னோடதும்தான்" என்றார் தல்ஹா. "நீங்க கேட்டீங்க, எனக்கும் கட்டிப் பாக்கணும்னு இருந்துச்சி. வண்டியில இன்னா ஏத்துவீங்கன்னு நான் கேக்கவே இல்ல."

இந்த முறை அதைத்தான் முதலில் பேசினார்கள். வெறும் வண்டியில் இரண்டு பேரும் மருந்துப் பெட்டியும். சில நாள் ஒரு கன்று. எப்போதாவது ஒரு மட்டக்குதிரை. கனமான ஸ்பிரிங் போட்டால் காலி வண்டி கட்டைபோலக் குதிக்கும், கால் முறிந்த பிராணிக்கு ஒவ்வொரு குழியும் நரகம். மெல்லியது போட்டால் பாரத்தில் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். தல்ஹா இரண்டு அங்குலம் ஏற்றும் பட்டைகளையே எடுத்தார். பின்னால் மட்டும் அடியில் ஒரு பட்டை கூடுதலாக வைத்து, பாரம் ஏறி அமுங்கும்போதுதான் அது வேலைக்கு வரும்படி அமைத்தார். உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பர்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் இழுபடாத நீளத்தில் பிரேக் குழாய்கள். டயர் விஷயத்தில் மட்டும் கீர்த்திக்கு மனசு கேட்கவில்லை. முப்பத்தொன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் இருபத்தொன்பது அங்குலத்துக்கு ஒப்புக்கொண்டார். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, ஒரு சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி, டயர் எங்கும் உரசவில்லை என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஆத்துக்குள்ள எறக்கலாம்னு நெனச்சிக்காதீங்க மேடம். இழுக்கற தண்ணின்னா எந்த வண்டியும் படகு மாதிரி மெதந்து போயிடும்."

பின்கதவைச் சாய்த்தால் சறுக்குப் பலகையாகும்படி ஒரு கீல் வைக்கலாம் என்பது கீர்த்தியின் யோசனை. அதைப் பொருத்தியது பக்கத்துப் பட்டறையின் வெல்டர்.

மழைக்காலம் வந்தது. ஐப்பசியில் ஒருநாள் விடியும்போதே பேய்மழை. ஏரியைத் திறக்கப்போகிறார்கள், ஆற்றில் வெள்ளம் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. கீர்த்தி யாரும் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. தன் வண்டியால் எது முடியாது என்று தெரிந்துவிட்டதால் முன்கூட்டியே கிளம்ப வேண்டியிருந்தது. தோள் தேறியிருந்த ஜெயராமை ஏற்றிக்கொண்டு பங்கஜத்தின் கொட்டகைக்குப் போனார். மேட்டுத் தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர் மாடுகளுக்காகக் கார் நிறுத்தும் இடத்தைத் திறந்துவிட்டிருந்தார்.

கன்றுகள் சறுக்குப் பலகையில் தாமாகவே ஏறின. ஜெயராம் அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார, கீர்த்தி ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டினார். தாய்ப் பசுக்கள் கன்றின் முகத்தை முகர்ந்துகொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தன. கயிறே தேவைப்படவில்லை.

ஒரு கிழட்டுப் பசு மட்டும் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. அதனிடம் இப்போது கன்று இல்லை, யார் பின்னாலும் போக அதற்குக் காரணமும் இல்லை. பங்கஜம் அதன் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தார். மற்றவற்றை மண்டபத்தில் விட்டுவிட்டுத் திரும்பியபோது தெருமுனையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீர்த்தி இறங்கி, ஒரு கழியை ஊன்றிப் பத்தடி நடந்து பார்த்தார். தொடையளவுதான். ஆனால் காலை இழுத்தது.

திரும்பி வந்து இன்ஜினை அணைத்தார். "இதுக்கு மேல போகாது."

"இன்னா சொல்ற? இவ்ளோ பெரிய டயர மாட்டிக்கினு தண்ணிக்கு பயப்படுறியே! அது அங்க ஒத்தையில கீது!" பங்கஜம் கதவைப் பிடித்து உலுக்கினார்.

"தெரியும் பங்கஜம். போனா நம்ம மூணு பேரும் போயிடுவோம்."

"ஜெயராமண்ணே, நீயாவது சொல்லேன்!"

ஜெயராம் தண்ணீரைப் பார்த்தார். "மேடம் சொல்றதுதான்மா" என்றார்.

பங்கஜம் நடுத்தெருவில் நின்று அழுதார். கீர்த்தி இறங்கிப்போய் அவர் பக்கத்தில் நின்றார். தொட்டு ஆறுதல் சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நனைந்துகொண்டே நின்றார். சாவியைத் திருப்பிப் பார்த்துவிடலாமே என்று கை பரபரத்தது. திருப்பவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. கொட்டகையில் முழங்கால் சேறு, பசு இல்லை. பங்கஜம் கீர்த்தியின் முகத்தைப் பார்க்காமலே ஆற்றோரமாகத் தேடினார். மதியத்துக்கு மேல் ஜெயராமின் தங்கை போன் செய்தார். மார்க்கெட் பக்கம் ஒரு கிழட்டு மாடு, அழுகிய முட்டைக்கோஸ் இலைகளைத் தின்றுகொண்டு யாரையும் கிட்டே விடாமல் நிற்கிறதாம். தண்ணீர் ஏற ஏற அது தானாகவே எழுந்து மேட்டைப் பார்த்து நடந்திருக்கிறது.

போய்ப் பார்த்தார்கள். பின்னங்காலில் தகரம் கிழித்து ஆழமான காயம். பங்கஜம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். கீர்த்தி சேற்றில் மண்டியிட்டுக் காயத்தைக் கழுவித் தையல் போட்டு, ஊசி குத்தினார்.

"ஒரு வாரத்துக்கு இதோட பாலை யாருக்கும் ஊத்தாதீங்க. மருந்து பால்ல இறங்கும்."

"அது குடுக்கறதே ஒரு சொம்பு" என்றார் பங்கஜம். முந்தின நாளுக்குப் பிறகு அவர் கீர்த்தியோடு பேசிய முதல் வார்த்தை அது.

"அந்த ஒரு சொம்பையும்தான்."

பங்கஜம் முணுமுணுத்துக்கொண்டே தலையாட்டினார். ஜெயராம் ஏற்கெனவே பின்கதவைச் சாய்த்துப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். ஆனால் பசு வண்டியை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே வீட்டுத் திசையில் நடக்கத் தொடங்கியிருந்தது.