நாலு ஓனர் பார்த்த விமானம்

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? என் அசட்டுத்தனங்களை வாராவாரம் படித்து, என்னைவிட உங்களுக்குத்தான் அவை அதிகம் மனப்பாடம்.

போன மாதம், நான் ஏறவேண்டிய விமானத்தின் பூர்வ கதை முழுவதையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், செங்கல்பட்டில் இருக்கும் என் கார் மெக்கானிக்கிடம் காட்டி, "இதில் ஏறலாமா?" என்று கேட்டேன்.

ஆமாம், கார் மெக்கானிக்கிடம்தான். விமானத்துக்கு.

சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, இப்போது ஏன் என்று சொல்கிறேன்.

என் மகள் சுபா, நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு புனேயில் இருக்கிறாள். அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு பக்கம். பட்டாணி அளவில் இருந்தது நெல்லிக்காய் அளவுக்கு வந்ததும், "எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுப்பதில் எனக்குப் பயமில்லை. பார்ப்பதில்தான்...

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். மனைவி லலிதா பத்து நாள் முன்பே போய்விட்டாள். நான் செவ்வாய்க்கிழமை விமானத்தில் போய்ச் சேர்வதாக ஏற்பாடு.

சுபா போனில் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"அப்பா, இதைப் பத்தி நெட்ல தேடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"எதைப் பத்திம்மா?"

"நடிக்காதீங்க. போன வருஷம் முட்டி வலி வந்தப்ப தேடித் தேடி, கடைசியில உயில் எழுதறேன்னு பேப்பர் வாங்கிட்டு வந்து நின்னீங்க. எனக்கு இப்பவே வேண்டிய அளவு பயமா இருக்கு. உங்க பயத்தையும் சேர்த்து என்னால தூக்க முடியாது."

சத்தியம் செய்தேன். கட்டியைப் பற்றி ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. ஆனால் தேடிப் பழகிய விரல் சும்மா இருக்குமா?

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பிரசன்னா ஒரு ஆப் அனுப்பினார். "மாமா, நீங்க வர்ற ஃப்ளைட் எங்க இருக்குன்னு இதுல பாக்கலாம். உங்களுக்கு டென்ஷன் இல்லாம இருக்கும்." நல்ல பிள்ளை. மனசில் கள்ளமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திறந்தேன். மேப் முழுக்கக் குட்டிக் குட்டி விமானங்கள், சர்க்கரை டப்பாவில் எறும்பு மாதிரி. என் ஃப்ளைட் நம்பரைத் தட்டினேன். மூன்று நாளாக அந்த ட்ரிப்புக்கு ஒரே விமானம்தான் வந்துகொண்டிருந்தது. காருக்கு நம்பர் பிளேட் மாதிரி விமானத்துக்கும் வால் பக்கம் சில எழுத்துகள் உண்டாம். அதைத் தட்டினால்... பிறந்ததிலிருந்து மொத்தக் கதையும் கொட்டுகிறது!

வயது பதினெட்டு. விமானத்துக்குப் பதினெட்டு என்பது இளமையா, முதுமையா? தெரியவில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அது முதுமை. முதலில் ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் நாட்டில் வேலை. பிறகு ஒரு தீவு நாட்டுக்கு விற்றிருக்கிறார்கள் – நீலக் கடலுக்கு நடுவே ஆறு வருஷம். மூன்றாவதாக வாங்கிய கம்பெனி வாங்கிய கையோடு திவால். பாலைவனத்தில் இரண்டு வருஷம் சும்மா நிறுத்தம். நாலாவதாகத்தான் நம் ஊர்.

விமானங்களைப் போட்டோ எடுப்பதற்கென்றே ஏர்போர்ட் வேலியோரம் நிற்கும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் விமானத்துக்கு மட்டும் ஏகப்பட்ட போட்டோ. ஊருக்கு ஒரு பெயின்ட், ஊருக்கு ஒரு பெயர். இப்படிப் பெயரை மாற்றி மாற்றி ஊர் ஊராக வாழ்கிற மனிதர்களைப் பற்றிப் பேப்பரில் எந்தப் பக்கத்தில் செய்தி வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு போட்டோவில் மூக்கு நசுங்கியிருந்தது. பறவை மோதியதாம். வேடந்தாங்கலுக்குப் பைனாகுலரோடு போய்க் கூழைக்கடாவைப் பார்த்துவிட்டு, 'என்ன ஒரு கம்பீரம்!' என்று இதே பத்தியில் உருகியிருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அதற்கு வானத்தில் என்ன வேலை?

ஆனால் என்னை நிஜமாக உலுக்கியது பறவை இல்லை. அந்தத் தீவு.

நான் குடியிருப்பது மாமல்லபுரத்தில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில். உப்புக் காற்று என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஜன்னல் கம்பி அப்பளம் மாதிரி உதிரும். கேட் கீலை அடிக்கடி மாற்றவேண்டும். என் பழைய ஸ்கூட்டரின் சைலன்சர், பூஞ்சேரி கூட்ரோட்டில் தானாகக் கழன்று விழுந்து, கொஞ்ச தூரம் என்னோடு இழுபட்டு வந்து, பிறகு என்னைக் கைவிட்டது. அப்படியானால் ஆறு வருஷம் கடலுக்கு நடுவே நின்ற விமானத்தின் அடிப்பாகம்...?

விமானம் அலுமினியம்தானே என்று ஒரு மனசு ஆறுதல் சொன்னது. அலுமினியத்தையும் உப்பு அரிக்கும் என்று அடுத்த தேடல் சொன்னது. எழுந்து போய் ஜன்னல் கம்பியைத் தொட்டேன். விரலில் பழுப்பாக ஒட்டியது.

எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள், ஏழுமலை பார்த்துச் சரி சொல்லாமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் அவருடைய ஷெட். வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். மிதியடியைத் தூக்கி மோந்து பார்ப்பார் – வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று. பிறகு தரையில் மல்லாந்து படுத்து அடியில் டார்ச் அடிப்பார். கடலோரம் நின்ற வண்டியென்றால் பேச்சே கிடையாது. "ஈ.சி.ஆர். வண்டியா? வாணாம்." தீர்ப்பு முடிந்தது. அப்பீல் இல்லை.

அதனால்தான் அவரிடம் போனேன். பைத்தியம் பிடித்து இல்லை. சரி... பைத்தியம் மட்டும் பிடித்து இல்லை.

திங்கட்கிழமை காலை. ஏழுமலை ஒரு கார் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"இன்னா சார், வண்டி மக்கர் பண்ணுதா?"

"என் வண்டி இல்ல, ஏழுமலை. வேற ஒரு பழைய வண்டியைப் பத்திக் கேக்கணும்."

"எத்தினி ஓனரு?"

"நாலு."

"நாலா! நாலு பேரு வாணாம்னு தள்ளி வுட்ட வண்டிய நீ இன்னாத்துக்கு சார் வாங்குற?"

"வாங்கலப்பா. ஏறப்போறேன். அவ்ளோதான்."

"எங்க ஓடிகினு இருந்திச்சி?"

"ஒரு தீவுல. ஆறு வருஷம்."

"தீவுலயா?" முழுசாக வெளியே வந்துவிட்டார். "சுத்திலும் கடலு! அடியில துரு கீதான்னு பாத்தியா?"

அப்போதுதான் பேப்பரை நீட்டினேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"சார்... இது ஏரோப்ளேனு."

"தெரியும்."

இந்த இடத்தில் அவர் சிரித்திருக்க வேண்டும். விழுந்து விழுந்து சிரித்திருந்தால் என் பயம் அந்த ஷெட்டிலேயே செத்திருக்கும். மனுஷன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார். அபிப்பிராயம் கேட்டு வந்துவிட்டால் வண்டி வண்டிதான். பறந்தால் என்ன, உருண்டால் என்ன?

"ரெண்டு வர்சம் நின்னுகினு இருந்திச்சா?"

"பாலைவனத்துல."

"அதான் சார் டேஞ்சரு. ஓடற வண்டி கெடாது, நிக்கிற வண்டிதான் கெடும். எலி உள்ள பூந்து வயரக் கடிச்சி வெச்சிருக்கும்."

"பாலைவனத்துல எலி இருக்குமா?"

"எலி இல்லாத ஊரு எங்க சார் கீது?"

அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"மூக்குல அடி வாங்கிகீது. ஆனா டிங்கரிங் பண்ணவன் கை நல்ல கை சார், ஜாயின்ட்டே தெரியல." ஒரே ஒரு ஆறுதல். உடனே அதையும் பிடுங்கிக்கொண்டார். "ஆனா ஒண்ணு, நேர்ல பாக்காம நான் ஓகே சொல்ல மாட்டேன். நீ இன்னா பண்ற, ஏறச்சொல்லோ குனிஞ்சி அடியில பாரு, ஆயிலு ஒழுகுதான்னு. உள்ள குந்தினதும் பக்கத்துச் செவுத்துல கைய வையி. ஒரே சீரா அதிரணும். வுட்டு வுட்டு அதிர்ந்திச்சின்னு வையி..."

"அதிர்ந்தா?"

"எறங்கிடு."

எங்கே இறங்குவது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது, "ஆமா, எங்க சார் போற?" என்றார். சொன்னேன். மகள், கட்டி, நாளை மறுநாள் ஆபரேஷன். ஏழுமலை பேப்பரை நாலாக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

"அப்ப வண்டி எப்டி இருந்தா இன்னா சார்? போய்த்தான ஆவணும்."

மறைப்பானேன், வீட்டுக்கு வந்ததும் ரயில் பார்த்தேன். கிடைத்த டிக்கெட்டில் போனால் புதன்கிழமை மத்தியானம்தான் போய்ச் சேரலாம். எட்டு மணி என்பது அதற்குள் வந்து போயிருக்கும். சுபா ஸ்ட்ரெச்சரில் போகும்போது கதவோரம் ஒரு முகம் குறையும். ரயில் டிக்கெட் பக்கத்தை மூடிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் பஸ்ஸில் ஏற்றி விமானத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். இறங்கியதும் முதலில் வாலைப் பார்த்தேன்.

எழுத்து வேறு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வேறுதான். என்ன காரணமோ, விமானத்தை மாற்றிவிட்டார்கள்!

சந்தோஷப்பட வேண்டாமா? முடியவில்லை சார். நாலு ஓனர், தீவு, எலி, நசுங்கிய மூக்கு – இரண்டு நாளாக உட்கார்ந்து பயந்த பயமெல்லாம் வீணா? இது யார்? எத்தனை கை மாறியது? எங்கே நின்றது? எதன்மேல் மோதியது? ஒன்றும் தெரியாது. போனை எடுத்து ஆப்பைத் திறந்தால், அது சுற்றிக்கொண்டே இருந்தது. முகம் தெரியாத இந்த விமானத்துக்குமுன் நின்றபோது, அந்தப் பழைய விமானத்தின் மேல் எனக்குத் திடீரென்று ஒரு பாசம்கூட வந்தது.

குனிந்தேன். ஏழுமலை சொன்னபடி.

"சார், ஏதாவது கீழ விழுந்துடுச்சா?" ஆரஞ்சு கோட் போட்ட ஊழியப் பெண்.

"இல்லம்மா... ஆயில் ஒழுகுதான்னு..."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒழுகல சார். ஏறுங்க."

"அண்ணாத்த, ஏறு ஏறு, வெயிலு மண்டையப் பொளக்குது" என்றது வரிசையில் ஒரு குரல்.

ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் – திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நெஞ்சு வலி என்று சொன்னால் யார் சோதிக்கப்போகிறார்கள்? வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கையிலிருந்த போன் அடித்தது. சுபா.

"அப்பா, ஏறியாச்சா?"

"ஏறிட்டே இருக்கேன்மா."

"சரி." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சீக்கிரம் வாங்கப்பா. அம்மா முன்னாடி அழ முடியல."

ஏறினேன்.

உள்ளே உட்கார்ந்ததும் பக்கத்துச் சுவரில் கையை வைத்தேன். அதிர்ந்தது. சீராகவா, விட்டு விட்டா? என் கையே விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்ததால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிளம்புவதற்கு முன் காலடியில் ஒரு சத்தம், யாரோ ரம்பம் போட்டு மரம் அறுக்கிற மாதிரி... கர்ர்... கர்ர்... மற்ற யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மூடிய கண்ணுக்குள் துருவும் வரவில்லை, எலியும் வரவில்லை. நெல்லிக்காய் அளவில் ஒன்று. அது மட்டும்தான்.

சத்தியத்தை நான் காப்பாற்றவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான், விலாசத்தை மட்டும் மாற்றிப் போட்டு. பெரிய பயத்தை நேருக்கு நேர் பார்க்கத் தெம்பில்லாதவன் என்ன செய்வான்? விசாரிக்கத் தோதாக, நம்பர் பிளேட்டோடு, சின்னதாக ஒரு பயத்தைப் பிடித்துக்கொள்வான். நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களோ...

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் விமானம் இறங்கிவிட்டது. நான் இறங்கவில்லை. என் நெஞ்சு இன்னும் மேலேதான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் லலிதாவைக் கேன்டீனுக்கு அனுப்பிவிட்டு, சுபா என் தோளில் சாய்ந்து பத்து நிமிஷம் அழுதாள். சட்டைப் பையில் கூடவே எடுத்துவந்திருந்த விமானக் கதை முழுக்க நனைந்துபோனது.

புதன்கிழமை காலை சர்ஜன் வந்தார். பார்த்தால் இப்போதுதான் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தவர் மாதிரி அவ்வளவு சின்ன வயசு. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வாயைத் திறந்தேன்.

"டாக்டர், இந்த ஆபரேஷன் நிறையப் பண்ணியிருக்கீங்களா?"

"நிறைய."

"நடுவுல எதுவும் கேப்...? வருஷக் கணக்குல சும்மா இருந்தது, அந்த மாதிரி..."

லலிதா என் முழங்கையில் கிள்ளினாள். டாக்டர் யோசித்துப் பார்த்துப் பதில் சொன்னார்.

"போன மாசம் ஒரு வாரம். என் கல்யாணம்."

கையைக் கொடுத்தார். குலுக்கினேன். விட மனசு வரவில்லை. லலிதாதான் விரல் விரலாகப் பிரித்துவிட்டாள்.

இரண்டு மணி நேரம். அந்தச் சுவரில் எத்தனை டைல்ஸ், அதில் எத்தனை விரிசல், எல்லாம் எனக்குத் தெரியும். பிறகு கதவு திறந்து அதே சின்ன முகம் வெளியே வந்தது. முழுசாக எடுத்தாயிற்று, பார்த்த வரைக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்றது. (சில நாள் கழித்து வந்த லேப் ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.) பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை காபி வாங்கப் போய்விட்டு ரூமுக்குத் திரும்பினேன். கழுத்தில் பெரிய கட்டோடு சுபா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னாள்:

"டாக்டர் வந்துட்டுப் போனார்ப்பா. எனக்கு எப்படி இருக்குன்னு ஒரு தடவைதான் கேட்டார். 'உங்க அப்பா இப்ப தேவலையா?'ன்னு ரெண்டு தடவை கேட்டார்."