கல்யாணத் தரகரின் இடப்பக்க மூளை

ஊரில் என்னைத் 'தலை டாக்டர்' என்பார்கள். முடி கொட்டுகிறவர்கள்கூட இதை நம்பி வந்துவிடுகிறார்கள். நரம்பியல் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் என்று அறை வாசலில் பலகை இருக்கத்தான் செய்கிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் அவர்களுடைய முறை வந்துவிடும். வீட்டில் என் மதிப்பு இன்னும் குறைவு. "ஊருல உள்ளவன் மூளையெல்லாம் தெறந்து பாப்பிய. பிரிட்ஜுக்குள்ள இருக்கப்பட்ட தயிரு மட்டும் கண்ணுல படாது" என்பாள் மனைவி.

பேராசிரியர் என்றால் ஆராய்ச்சி வேண்டும். என் ஆராய்ச்சி பேச்சைப் பற்றியது. பேச்சுக்குரிய இடத்தின் அருகில் கட்டி இருந்தால், ஆளை விழித்திருக்க வைத்தே அறுப்போம். மூளைக்கு வலி தெரியாது; தலைத்தோலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி. மெல்லிய கம்பியால் அங்கங்கே துளி மின்சாரம் கொடுத்தபடி, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வோம். எங்கே தொட்டதும் பேச்சு நிற்கிறதோ, அங்கே கத்தி போகக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்த பட அட்டைகளில் பனிமனிதன் இருந்தான். அவனை வைத்துக்கொண்டு நம்மூரில் என்ன செய்வது? நானே அட்டைகள் தயாரித்தேன். சிதறால் மலை, கடியப்பட்டணத்து மீன்பிடி வள்ளம், மட்டி வாழைக்குலை என்று படமெடுத்தவனும் நானே. ஒரு படத்துக்கு ஒரு சொல். சுற்றி வளைத்தால் மதிப்பெண் கிடையாது. இதை எழுதிப் பெரிய இதழ் ஒன்றில் போட்டுவிட்டால் மனைவிகூடத் தயிரை எடுத்துத் தருவாள் என்று ஒரு நப்பாசை.

அப்போதுதான் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணத் தரகர் மனைவியோடு வந்தார். அறுபதைத் தொட்ட வயது. பேசிக்கொண்டே இருக்கையில் சட்டென்று வார்த்தை நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்புகிறது என்றார்.

"அதுவும் எந்த நேரத்துல நிக்குதுங்கியோ? பையனுக்கு ஏதாவது கெட்ட பழக்கம் உண்டுமான்னு பொண்ணு வீட்டுல கேக்குவாவ. 'சேச்சே'ன்னு சொல்ல வாயத் தெறக்கேன், வார்த்த வரல. சம்பந்தம் போச்சு."

ஸ்கேனில் இடப்பக்கம் கட்டி தெரிந்தது. மெதுவாக வளரும் வகை, எடுத்துவிட வேண்டும். பேச்சுக்கு ஆபத்து உண்டு என்று விளக்கினேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"டாக்டரே, உயிரு பொழச்சா போதும்னு மட்டும் சொல்லிராதிங்க. பேச்சு போச்சுன்னா நான் தரகன் இல்ல. வீட்டுக்குள்ள சும்மா இருக்கப்பட்ட ஒரு ஆளு."

அறுவைக்கு முந்தின நாள் அட்டைகளோடு ஒத்திகை. வள்ளத்தைக் காட்டி "இது என்ன?" என்றேன்.

"சாருக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லணும்."

"யாருக்க வள்ளம்?"

பழக்குலையைக் காட்டினேன். "படம் ஆரு எடுத்தா? ஒரே கலங்கலா இருக்கே. மட்டியா, ரசகதலியான்னு அதுக்க குடும்பக்காரனுக்கே தெரியாது."

என் மாணவன் மதிப்பெண் தாளில் வரிசையாகச் சுழி போட்டுக்கொண்டே வந்தான். எங்கள் ஊரில் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வது மரியாதைக் குறைவு. பதிலுக்கு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். இவருக்கு மூளையில் கோளாறா, இல்லை நாஞ்சில் நாட்டில் பிறந்ததுதான் கோளாறா என்று என் சோதனையால் சொல்ல முடியவில்லை. இதே மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். பேராசிரியர் ஆனபின் சில விஷயங்கள் உறைப்பதில்லை.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டரில் அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டேன். "அண்ணாச்சி, தரகு பேசுங்க" என்றேன்.

"ஆருக்கு?"

மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம், அவர் முகத்துக்கு நேராக மயக்க மருந்து டாக்டர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்தைத் தாண்டிய பிரம்மச்சாரி. அவரைக் காட்டிக் கொடுத்தேன்.

"டாக்டர் தம்பிக்கா? நேத்தே கேக்கணும்னு நெனச்சேன். சொந்த ஊரு எது? வீடு சொந்தமா? தலையில முடி கொறச்சலா இருக்கே, அது குடும்பத்துலயே உள்ளதா?"

"உங்க தல தெறந்து கெடக்கு அண்ணாச்சி. என் முடியப் பத்திப் பேசுகியோ?" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

நர்ஸுகள் சிரித்தார்கள். நான் கம்பியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனேன். பேச்சு ஓடியது.

"கைவசம் ஒரு பொண்ணு இருக்கு. எம்மெஸ்சி படிச்சிருக்கு. நல்ல நெறம், நல்ல குடும்பம். ஒரே ஒரு..."

நின்றுவிட்டது.

"ஒரே ஒரு என்ன?" என்றார் மயக்க மருந்து டாக்டர். அவர் குரலில் மருத்துவ அக்கறை துளியும் இல்லை.

நான் கம்பியை எடுத்தேன்.

"...மக. அண்ணன் தம்பி கெடையாது. சொத்து பூரா அவளுக்குத்தான்."

அந்த இடத்தில் அடையாளக் காகிதத் துண்டு ஒன்றை வைத்தேன். தியேட்டரே மூச்சு விட்டது.

கட்டியைப் பெரும்பாலும் எடுத்தாகிவிட்டது. பின் ஓரத்தில் பாக்கு அளவுக்கு மிச்சம். அதன் மேல் கம்பியை வைத்தால் அவர் பேச்சில் மாப்பிள்ளை பொண்ணானார், பொண்ணு மாமியாரானாள், பிறகு வெறும் முனகல். அதையும் எடுத்தால் முழுதாக எடுத்த கணக்கு. மாநாட்டுத் திரையில் பிரமாதமாகத் தெரியும். கை கொஞ்சம் அரிக்கத்தான் செய்தது. வீட்டுக்குள் சும்மா இருக்கப்பட்ட ஒரு ஆளை நினைத்துக்கொண்டேன். விட்டுவிட்டேன்.

ஆனாலும் மறுநாள் காலை அவருக்குப் பேச்சு இல்லை. மூளை வீங்கியிருக்கும், வீக்கம் வடிந்ததும் வரும் என்று அவர் மனைவியிடம் தைரியமாகச் சொன்னேன். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "இந்த மனுசன் வாய ஒருநா அடைச்சுத் தா பகவானேன்னு கல்யாணம் முடிஞ்ச நாளுலேருந்து நேந்திருக்கேன் டாக்டரே. இப்பம் அத எப்பிடித் திரும்ப வாங்குவேன்?"

சில நாள் கழித்து வார்டில் மட்டிக்குலை அட்டையைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது.

"மட்டி" என்றார்.

ஒரே சொல். சுற்றி வளைக்கவில்லை, திருப்பிக் கேட்கவில்லை. என் சோதனையின்படி முழு மதிப்பெண். மாணவன் மகிழ்ச்சியாக எழுதிக்கொண்டான். நான் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். இவ்வளவு சரியாகப் பதில் சொல்கிற மனிதரை நான் வார்டில் சேர்க்கவே இல்லையே!

பிறகு சொற்கள் வந்தன. வேலைநிறுத்த நாளில் பஸ் வருவது மாதிரி, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக. பழைய வேகம் மட்டும் வரவில்லை. மாதங்கள் கழித்துப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தபோது கேட்டேன்:

"தொழில் எப்பிடி அண்ணாச்சி?"

"பரவால்ல... டாக்டரே. முன்ன... கடகடன்னு பேசுவேன். ஒருத்தனும்... நம்ப மாட்டான். இப்பம்... யோசிச்சுப் பேசுகேன்னு... நெனைக்கானுவ." கொஞ்ச நேரம் சொல்லைத் தேடினார். "மிச்சம் வச்சது... வளருமா?"

"வளரலாம். வருசா வருசம் ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம்."

"வளந்தா?"

"அப்பவும் பேசிக்கிட்டேதான் வெட்டுவோம்."

தலையாட்டினார். பயம் போனதாகத் தெரியவில்லை, எனக்கும் போகவில்லை. எழுந்து வெளியே போனார்.

அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி மணியடித்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தேன். எட்டிப் பார்த்தால், வராந்தா பெஞ்சில் தரகர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கட்டோடு இருந்தவர்கூட அவர் பக்கம் திரும்பியிருந்தார்.

"பையனுக்கு..." என்று நிறுத்தி, அடுத்த சொல்லுக்காகக் கூரையைப் பார்த்தார். அந்த வரிசை முழுக்க அதற்காகக் காத்திருந்தது. கதவருகில் நின்றபடி நானும்.