மீசை முளைக்காத எதிரி

அறுந்த இழையை முடிச்சுப் போடும்போது தண்டாயுதபாணி விரலைப் பார்ப்பதில்லை. எதிர்த் தறியில் நிற்கும் மனைவியின் உதட்டைப் பார்க்கிறார். விரல் தன் பாட்டுக்கு இழையைத் தேடிப் பிடித்து முடிகிறது. கண் மட்டும் மோகனப்பிரியாவின் வாயை விட்டு நகர்வதில்லை. பார்த்து முடித்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, வாய்க்குள் போன பஞ்சைத் துப்புகிறார். பஞ்சே போகாத நாளிலும் துப்புகிறார்.

குமாரபாளையத்து விசைத்தறிக் கூடத்துக்குள் யாரும் காதால் கேட்பதில்லை. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்கு எட்டாது. ஆகவே எல்லோரும் உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிராளி படித்துக்கொள்வார். கல்யாணமான புதிதிலிருந்தே இந்தத் தம்பதி எதிரெதிர்த் தறிகளில் நின்றுதான் குடும்பம் நடத்துகிறார்கள். இத்தனை வருஷத்தில் அந்த உதடுகள் அவரிடம் சொன்னவை: "இழ அறுந்திருக்குது, பாருங்க." "கேஸ் தீந்துபோச்சு." "உங்கொக்கா வாராங்களாமா." எல்லாவற்றையும்விட அதிகமாகச் சொன்னது, "தார் தீந்துபோச்சு." தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சி காலி என்று அர்த்தம்.

அதே உதடுகள் போன ஆடியிலிருந்து வேறு பேச ஆரம்பித்தன. தறிச் சட்டத்தில் போனைச் சாய்த்து வைத்து மோகனப்பிரியா 'ஜன்னலோர பெஞ்ச்' பார்க்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதலிக்கிற தொடர். சத்தம் கேட்காது; அவளுக்குக் கேட்க வேண்டியதும் இல்லை. நடிகர்களின் உதட்டைப் படித்துவிடுகிறாள். படித்ததைத் தன் உதட்டால் திருப்பிச் சொல்லியும் பார்க்கிறாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல.

போனின் முதுகு தண்டாயுதபாணியின் பக்கம். ஆகவே ஆரவ் என்கிற கிட்டார் பையன் நிலா என்கிற பெண்ணிடம் உருகுவதையெல்லாம் அவர் தன் மனைவியின் வாயில் படிக்கிறார். "நீ பக்கத்துல இருந்தா எனக்கு வேற சத்தமே கேக்கறதில்ல" என்று ஒரு நாள் அந்த உதடுகள் சொல்லின. அறுபது தறி ஓடுகிற கூடத்தில், போனைப் பார்த்து. அன்று அவர் தறியில் ஒரு முழம் துணி பழுதாகிப் போனது.

"சத்தம் கேக்கலீன்னா காது டாக்டருகிட்டப் போகச் சொல்லு அந்தப் பயல" என்றார் சாப்பாட்டு நேரத்தில்.

"எந்தப் பயல?"

"எவனோ. நானென்னத்தக் கண்டேன்?"

"அதான, நீங்கதான் இதெல்லாம் பாக்கவே மாட்டீங்களே" என்று மோகனப்பிரியா ரசத்தை ஊற்றினாள்.

அவர் பார்க்கமாட்டார் என்பது ஊரறிந்த உண்மை. ஷிஃப்டுக்கு முன்னால், டீக்கடையின் மூலையில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, முந்தின இரவு வந்ததை ஒரு காட்சி விடாமல் பார்க்கிறார் என்பது டீக்கடைக்கு மட்டும் தெரிந்த உண்மை. இன்றைக்கு மனைவியின் வாயில் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது.

பொறாமை என்று சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனால் சலூன்காரரிடம் போய், "முன்னால முடி நெத்தியில வந்து விழறாப்பல வெட்டு" என்று கேட்டவர் அவர்தான். "விழறதுக்கு மொதல்ல முடி வேணுமுங்களே" என்றார் சலூன்காரர். "அந்த மீசை மொளைக்காத பயலுக்கெல்லாம் இருக்குது!" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்காமலே இறங்கி வந்தார்.

பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு கட்சியும் அமைந்துவிட்டது. யோகேஷ் கட்சி. நிலாவை விரும்பும் இன்னொரு பையன், வாயே திறக்கமாட்டான். அவள் சைக்கிள் செயினை மாட்டிவிடுவான். குடையை அவளிடம் கொடுத்துவிட்டு நனைந்தபடி போவான். தொடரின் பக்கத்தில், முருகன் படம் போட்ட கணக்கிலிருந்து தண்டாயுதபாணி கருத்து எழுதியிருக்கிறார்: "யோகேஷ் குணமான பையன். கெட்ட பழக்கம் இல்லை. பெண் வீட்டார் யோசித்து முடிவெடுக்கவும்." அதற்குக் கீழே ஏதோ ஒரு கல்லூரிப் பெண், "அங்கிள், நீங்க கல்யாணத் தரகரா?" என்று கேட்டிருக்கிறாள்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை அவர் தாமதமாகத்தான் உணர்ந்தார். ஆரவ் ஒழிய வேண்டும், யோகேஷ் ஜெயிக்க வேண்டும், சரி. ஜெயித்த பிறகு வசனம் ஏது? மரம் மாதிரி நிற்கிறவனிடமிருந்து மோகனப்பிரியா எதைப் படித்து உதட்டை அசைப்பாள்? ஆரவ் தொலைந்தால் அந்த வார்த்தைகளும் தொலையும். மறுபடியும் கேஸ், அக்கா, தார். எவனுக்கோ எழுதிக் கொடுத்த வசனம்தான். இருந்தாலும் அவள் வாயில், அவர் கண்ணெதிரே வருகிற வசனம்.

போன வெள்ளிக்கிழமை அது நடந்தேவிட்டது. ஆரவ் கனடாவுக்கு விமானம் ஏறினான். குடையைத் திருப்பிக் கொடுக்க நிலா யோகேஷிடம் வந்தாள். தண்டாயுதபாணியின் டீயில் ஆடை படிந்தது.

"ஏனுங்கண்ணா, உங்காளு ஜெயிச்சுட்டானாமா? எம்பட புள்ள சொல்லுச்சு. எல்லாத்துக்கும் வடை சொல்லுங்க" என்றார் பக்கத்துத் தறிக்கார அம்மாசி.

"ஜெயிச்சு என்னத்தப் பண்றது? அந்தப் புள்ள எதுக்க வந்து நிக்குது. ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கான்?"

"பேசாத பையன், தங்கமான பையன்னு மெச்சிக்கிட்டுத் திரிஞ்சது நீங்கதானுங்களே?"

"மெச்சுனேன். இப்பக் கேக்கறேன். பேசுனா வாயி தேஞ்சா போயிரும்?"

அம்மாசி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஆரத் திட்டறீங்கன்னே எனக்குப் புரியலீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வடைக்குத் தானே கை நீட்டினார்.

கூடத்தில் தறிகள் ஓடின. மோகனப்பிரியா போனைச் சாய்த்து வைத்தாள். அங்கே மழை, குடை, அந்த வாயில்லாப் பிள்ளை. இங்கே அவள் உதடுகள் மூடியே இருந்தன. ஒரே ஒரு தடவை திறந்தன. கொட்டாவி.

தண்டாயுதபாணிக்கு என்ன வந்ததோ, எதிர்த் தறியைப் பார்த்து, அத்தனை இரைச்சலுக்கும் நடுவே, உதட்டை அசைத்தார்: "நீ பக்கத்துல இருந்தா எனக்கு வேற சத்தமே கேக்கறதில்ல."

மோகனப்பிரியா நிமிர்ந்தாள். "என்னங்க?" என்றன அவள் உதடுகள்.

"தார் தீந்துபோச்சுன்னேன்" என்று பதறிப்போய் அவர் தன் தறியைக் காட்டினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். அவர் தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மோகனப்பிரியா போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். வைத்துவிட்டு, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.