சடையன் அண்ணன் கேட்ட மெனு

இசைவாணிக்குச் சொந்த ஊர் கச்சிராயபாளையம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். கள்ளக்குறிச்சியில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, சென்னையில் வலைத்தளங்கள் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தாள். கல்யாணமாகி சங்கராபுரத்துக்கு வந்தபோது அந்த வேலையைக் கையோடு கொண்டு வந்துவிட்டாள்.

கணவன் தமிழழகனுக்கு பைக் மெக்கானிக் கடை. கடைக்கு மேலே மாடி அறையில் அவளுடைய கம்ப்யூட்டர். வாடிக்கையாளரிடம் போனில் பேசும்போது ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவாள். தமிழழகன் முறுக்கிக்கொண்டிருக்கும் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுவான்.

நாற்றுப்பண்ணைக்காரர், கல்வராயன் மலைக்கு ஜீப் விடுகிறவர் என்று பலருக்கு அவள் சைட் செய்திருக்கிறாள். எல்லாம் பிளாக் தீம் என்கிற ஆயத்த வார்ப்பில்தான். படம், எழுத்து, பொத்தான் என்று ஒவ்வொரு துண்டாக எடுத்து அடுக்கினால் பக்கம் தயாராகிவிடும். அதில் மேலே வரும் மெனுவுக்குத்தான் அவள் அதிக நேரம் செலவழிப்பாள். உள்ளே வருகிறவர் எங்கே தொடுவது என்று திகைத்து நிற்கக் கூடாது.

கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் சடையன் தனக்கும் ஒரு சைட் கேட்டார். வேலை முடியும் நேரத்தில் இசைவாணி போன் செய்தாள்.

"அண்ணா, மெனு மட்டும்தான் பாக்கி. அதுல இன்னா இன்னா வரணும்னு அனுப்புங்க."

சிறிது நேரத்தில் அவர் குரலிலேயே பதில் வந்தது. காலையில் கேசரி, பொங்கல், வடை. மத்தியானம் இரண்டு பொரியல், வத்தக்குழம்பு, பால்பாயசம். பீடா வரைக்கும் சொல்லி முடித்திருந்தார். இசைவாணி சிரித்துக்கொண்டே திரும்பக் கூப்பிட்டாள்.

"அந்த மெனு இல்லண்ணா. சைட்டுக்கு மேல முகப்பு, படங்கள்னு வரிசையா வருமே, அது."

"அதுக்கும் மெனுன்னுதான் பேரா?"

"ஆமாண்ணா."

"சோறே இல்லாத மெனுவா?" என்றார் சடையன்.

முகப்பு, உணவு வகைகள், படங்கள், பேச என்று நான்கை அவளே வைத்தாள். கம்ப்யூட்டரில் அழகாக வரிசையில் நின்றன. போனில் பார்த்தால் நான்கும் மூன்று கோடுகளுக்குள் ஒளிந்துகொண்டன. சடையன் அந்தக் கோடுகளைத் தொடவே இல்லை.

"கண்ணாடில கீறல் வுழுந்துருச்சுன்னு நெனச்சேன்மா."

கோடுகளுக்குப் பதில் எழுத்து வரும்படி மாற்றிவிட்டு, என்ன எழுத்து வருகிறது என்று பார்க்காமலே இசைவாணி சமைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சடையன் மனைவி கமலாவை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு நேரிலேயே வந்தார்.

"இன்னா வாணி, பட்டின்னு போட்டுக்கினு இருக்க? நான் சமையல்காரனா, ஆடு மேய்க்கிறவனா?"

இசைவாணி அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தளத்தின் மொழி தமிழ் என்பதால், மெனு என்ற சொல்லைத் தீம் தானாகவே கணினித் தமிழில் வழங்கும் 'பட்டி' என்று மாற்றிக் காட்டியிருந்தது.

"எங்க அண்ணன் பாத்துட்டு, உயிரோட ஆடும் விக்கிறீங்களான்னு கேக்குது" என்ற கமலா சிரிப்பை அடக்க முடியாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சடையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் இசைவாணி மெனுவை ஒளித்து வைக்கும் அமைப்பையே அணைத்துவிட்டாள். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினாள். நான்கு பெயர்களும் போனில் வெளிப்படையாக இரண்டு வரியில் வந்து நின்றன. கமலா தன் போனில் 'பேச' என்பதைத் தொட்டாள். சடையனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"அலோ, சடையன் கேட்டரிங். யாருங்க பேசறது?"

"உங்க பொண்டாட்டிதாங்க" என்றாள் கமலா.

அடுத்த மாதம் சைட்டைப் பார்த்துவிட்டுத் திருநாவலூரிலிருந்து ஒரு காதுகுத்து ஆர்டர் வந்தது. சடையன் இசைவாணியையும் தமிழழகனையும் விடாமல் அந்த விருந்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். பந்தியில் பக்கத்து இலையில் இருந்தவள், சீர்த்தட்டு வாடகைக்கு விடும் மலர்விழி. சைட் செய்தது யார் என்று தெரிந்ததும் தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். எந்தெந்தப் பக்கம் வேண்டும் என்று இசைவாணி அங்கேயே கேட்கத் தொடங்கினாள்.

"மொதல்ல சாப்புடு வாணி" என்று சடையன் அவள் இலையில் இன்னொரு வடையை வைத்தார்.