செத்தவன் அட்டை

என் மனைவியின் தம்பியைச் சித்திரை வெயிலில் பிணமாகப் படுக்க வைத்துவிட்டு நான் பிரியாணி தின்னப் போனேன். படுத்தவன் ஒருவன், எழுந்தவன் வேறொருவன். பிறகு விசாரணையில், அவன் தானாகவே அங்கே தூங்கிவிட்டான் என்று சொன்னேன்.

இதுதான் நான் செய்தது. சுற்றி வளைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று... அவனை நான் மறந்தேனா, தெரிந்தே விட்டேனா? அது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பொய் சொன்னது நிச்சயம். மறந்தது நிச்சயமில்லை. இந்தக் குழப்பத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பெயர் தணிகாசலம். குடியாத்தத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஹைதராபாத்தில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு மாற்றுச் சட்டையும் நிறையத் திமிரும்தான். நகரத்துக்குத் தென்கிழக்கே மத்திய அரசின் ஆலை ஒன்று. பெயர் வேண்டாம். அதன் தீயணைப்புப் பிரிவில் வண்டி துடைக்கிறவனாகச் சேர்ந்தேன். துடைத்த வண்டியிலேயே முன் சீட்டில் உட்காருகிற அளவுக்கு உயர்ந்தேன். லீடிங் ஃபயர்மேன்! டிகிரி வாங்கிய இன்ஜினியர்களை வரிசையில் நிறுத்தி, தீயணைக்கும் குழாயை எப்படிப் பிடிப்பது என்று பாடம் நடத்தியிருக்கிறேன். தெலுங்கில் விளக்கம், உருதுவில் அதட்டல், அதிகாரிகளுக்கு இங்கிலீஷ். எல்லாம் காதால் பிடித்த பாஷைகள். ஒரு புத்தகத்தையும் நான் தொட்டதில்லை.

யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்தவன் நான். இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள உட்கார்ந்தவன் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வடக்கே ஓர் ஊரில் விஷவாயு கசிந்து சனங்கள் தூக்கத்திலேயே மாண்டார்கள் அல்லவா, அதற்குப் பிறகு எல்லா ஆலைகளுக்கும் உத்தரவு வந்தது. பெரிய விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று திட்டம் வேண்டும், அதற்கு ஒத்திகையும் வேண்டும். எங்கள் திட்டப்படி, அவசர நிலை என்று அறிவிக்கிற அதிகாரம் ஜெனரல் மேனேஜர் ஒருவருக்கே. முடிந்தது என்று அறிவிக்கிற அதிகாரமும் அவருக்கே. அவர் தலையசைத்தால் சைரன் ஏறி இறங்கி அலறும். மறுபடி தலையசைத்தால் நீளமாக, ஒரே சீராக அடித்து ஓயும். அந்த இரண்டாவது சைரன் வரும்வரை ஒத்திகையில் இருக்கிற எவனும் தன் இடத்தை விட்டு அசையக் கூடாது.

ஒத்திகைக்குக் காயம்பட்டவர்கள் வேண்டும். அதற்கு ஆட்களைப் பிடித்து, சட்டையில் அட்டை குத்திப் படுக்க வைப்பது என் வேலை. பச்சை அட்டை என்றால் லேசான சிராய்ப்பு, குளுக்கோஸ் தண்ணீர் கிடைக்கும். அதற்குத் தள்ளுமுள்ளு. மஞ்சளும் சிவப்பும் பெரிய காயங்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவார்கள், அதற்கும் ஆள் உண்டு. கறுப்பு அட்டை மட்டும் என் கையிலேயே நிற்கும். கறுப்பு என்றால் செத்தவன்.

எங்கள் பிரிவில் யாதகிரி என்று ஒருவன், மலை மாதிரி உடம்பு. எரிகிற ஷெட்டுக்குள் யோசிக்காமல் ஓடுகிறவன். அவனிடம் கறுப்பை நீட்டினேன். வேண்டாம் என்று கையை உதறினான்.

"நக்கோ அண்ணா. ஒரு கால் ஒடஞ்சவன் கார்டு குடு. ரெண்டு காலும் ஒடஞ்சவன் கார்டு குடு. சாவு கார்டு நக்கோ. எங்க அம்மாக்குத் தெரிஞ்சா சோறு போடாது."

எல்லோரும் அப்படித்தான். விளையாட்டுக்குக்கூட ஒருவனும் சாக மாட்டேன் என்கிறான். பாதுகாப்பு அதிகாரியோ, ஒரு சாவாவது இல்லாவிட்டால் அது ஒத்திகையே இல்லை என்கிறார். நான் எங்கே போவேன்?

ஏகாம்பரத்திடம் போனேன்.

ஏகாம்பரம் என் மைத்துனன். ஊரில் சும்மா திரிந்தவனை நான்தான் அழைத்து வந்து, குவார்ட்டர்ஸில் எங்களோடு தங்க வைத்து, ஆலை கான்டீனில் ஒப்பந்த ஆளாகச் சேர்த்துவிட்டேன். என்றாவது ஒரு நாள் ஆலையில் நிரந்தர வேலை வாங்கித் தருவேன் என்று அவன் நம்பியிருந்தான். என்னிடம் மறுத்துப் பேச முடியாத ஒரே ஆள் அவன்தான். அது தெரிந்துதான் போனேன்.

அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக் குத்திக்கொண்டான். அதிலிருந்து ஒவ்வொரு ஒத்திகைக்கும் அவனே பிணம்.

"இன்னா மாமா, இன்னைக்கும் நாந்தான் பொணமா? படுத்துக்கினு சம்பளம் வாங்குற வேலை யாருக்குக் கெடைக்கும்!"

கான்டீனில் அவன் பெயரே மாறிவிட்டது. "ஏய் பொணம், இங்க ரெண்டு டீ" என்பார்கள். அவனும் "பொணம் வருது, வழி விடு" என்று சொல்லிக்கொண்டே தட்டோடு வருவான்.

ஒரு முறை எறும்பு கடித்து, சைரனுக்கு முன்னால் துள்ளி எழுந்துவிட்டான். ஜெனரல் மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. "இன்னா தணிகாசலம், நாடகக் கம்பெனி நடத்துறியா?" என்றார் பாதுகாப்பு அதிகாரி. அவருக்கும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். வண்டி துடைத்த காலத்தில்கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு என் காதுக்குள் தங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் விஷயம் வீட்டுக்கும் எட்டியது. என் மனைவி சரோஜா சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரில் நின்றாள்.

"ஒண்ணு இருக்கிற தம்பிய எதுக்குங்க மாசாமாசம் சாவடிக்கிறீங்க? அவ்ளோ பெரிய ஆலையில வேற ஆளே இல்லையா?"

"வெளாட்டுக்குத் தானே..."

"வெளாட்டுன்னா நீங்க படுங்க."

இனி அவனுக்கு அந்த அட்டை கிடையாது என்று வாக்குக் கொடுத்தேன்.

டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஒத்திகை பார்க்க வருகிறார் என்றதும் அந்த வாக்கு எங்கே போயிற்று? தெரியவில்லை. வேறு எவனையும் நான் கேட்டுப் பார்க்கக்கூட இல்லை. முந்தின நாள்தான் ஏகாம்பரம் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தான். சரோஜா கஞ்சி வைத்துக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

"டேய் ஏகா, இன்னைக்கு மட்டும்."

"அக்கா திட்டும் மாமா."

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். இன்னைக்கு ஒழுங்கா படுத்தீன்னா ஒன் பர்மனென்ட் விஷயத்தப் பெரியவர் காதுல போடறேன். சைரனுக்கு முன்னாடி எந்திரிச்ச, என் வீட்டு வாசல மிதிக்காத."

"எறும்பு கடிச்சா?"

"பொணத்துக்கு எறும்பு தெரியுமாடா?"

சிரித்தான். "சரி மாமா" என்றான். நாக்கு நேராகப் பேசிய ஏகாம்பரத்தை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில்தான் படுக்க வைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நல்ல நிழல். முகம்வரை தார்ப்பாய் போர்த்தினேன், செத்தவனுக்கு அப்படித்தான் போர்த்த வேண்டும். உயிருள்ளவனை முதலில் தூக்கு, செத்தவனைக் கடைசியில் பார். இதுவும் நான் நடத்திய பாடம்தான். நிழல் நகரும் என்று யோசித்தேனா? ஐந்தாம் வகுப்புக்காரனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி அது.

ஒத்திகை அற்புதமாக நடந்தது. வண்டி பறந்தது, தண்ணீர் பாய்ந்தது, ஸ்ட்ரெச்சர்கள் ஓடின. டெல்லி அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவர் அடிமட்டத்திலிருந்து வந்தவர்" என்று ஜெனரல் மேனேஜர் என்னைக் காட்டிச் சொன்னார். பேச்சு சுவாரசியத்தில் அந்த அதிகாரியைச் சாப்பிட அழைத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுஸ் பக்கம் நடந்தார்.

தலையசைக்கவில்லை. இரண்டாவது சைரன் அடிக்கவில்லை.

கன்ட்ரோல் ரூம் ஆள் என்னைப் பார்த்து, அடிக்கட்டுமா என்று கையால் கேட்டான். பெரியவர் சொல்லட்டும் என்று நானும் கையாலேயே பதில் சொன்னேன். அப்போதுதான் ஜெனரல் மேனேஜர் திரும்பி, "தணிகாசலம், நீயும் வா, எங்களோட சாப்பிடு" என்றார்.

அதிகாரிகள் மேசையில் நான்! கண்ணாடித் தம்ளர், மடித்து வைத்த துணி, ஆவி பறக்கிற பிரியாணி. அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு, "சார், நீங்கள் சைரனை மறந்துவிட்டீர்கள்" என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

வெளியே சாப்பாட்டு மணி அடித்ததும் ஆட்கள் தாங்களாகவே கலைந்தார்கள். தார்ப்பாயை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவனும் நினைத்திருப்பான். அவன் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தான்.

கயிறுகளைச் சுருட்டப் போன யாதகிரிதான் கெஸ்ட் ஹவுஸ் வாசலுக்கு ஓடி வந்தான். "அண்ணா, உன் பாமர்தி இன்னும் எந்திரிக்கல. கூப்ட்டா பேசல."

பாமர்தி என்றால் தெலுங்கில் மைத்துனன். நான் ஓடினேன். நிழல் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. தார்ப்பாயைத் தொட்ட கை சுட்டது. உள்ளே அவன் உடம்பு அதைவிடச் சுட்டது. வியர்வை ஒரு பொட்டு இல்லை. கறுப்பு அட்டை சட்டையிலேயே இருந்தது. முதலில் அதைத்தான் பிடுங்கி என் பைக்குள் போட்டேன். ஏன் அதை முதலில் செய்தேன்? எனக்கே தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டான். ஆனால் நாக்கு குழறியது. நடந்தால் குடித்தவனைப் போலத் தள்ளாடினான். தம்ளரைப் பிடித்தால் கை உதறி பாதி சிந்தியது. மூளைக்குச் சூடு ஏறிவிட்டது, இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர். அந்த நாள் அவன் நினைவில் அடியோடு இல்லை.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: "அவனை எழுந்திருக்கச் சொன்னாயா?"

"சொன்னேன் சார். நானே தார்ப்பாயைத் தூக்கி, எந்திரிடா, முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். காய்ச்சல் அசதி மாமா, கொஞ்ச நேரம் படுத்துக்கிறேன்னான்."

எவ்வளவு சுலபமாக வந்தது! காய்ச்சல் உண்மை, அதன்மேல் பொய்யை உட்கார வைத்தேன். ஜெனரல் மேனேஜர் குனிந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சைரனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நிரந்தர வேலைப் பேச்சு அதோடு போயிற்று. அந்த ஒத்திகைக்கு ஆலைக்குப் பாராட்டு வந்தது. எனக்குப் பித்தளைக் கேடயம்.

சரோஜாவிடமும் விசாரணையில் சொன்னதையே சொல்லி, அட்டையை அவனே கேட்டு வாங்கினான் என்றேன். நம்பினாள். புருஷன் சொன்னதை நம்பி, படுக்கையில் கிடந்த தம்பியை அழுதுகொண்டே திட்டினாள். "காய்ச்சலோட அங்கயே தூங்கி, மாமா பேரையும் கெடுத்துட்டியேடா."

அவன் என் கையைத் தேடிப் பிடித்தான். "மா...மா. மனசுல வச்சுக்காதீங்க. தூங்கி...ட்டேன்."

"சரி விடு" என்றேன்.

கேட்டீர்களா? நான் அவனை மன்னித்தேன்.

இப்போது குழப்பத்துக்கு வருகிறேன். என் நினைவில் ஒரு பேச்சு இருக்கிறது. யாரோ ஓர் அதிகாரி கேட்கிறார்: "இன்னைக்கு உன் டெட் பாடி எழுந்து ஓடலையா?" நான் சொல்கிறேன்: "செத்தவன் எங்க சார் போவான்?" எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

இது எப்போது நடந்தது? அந்த மேசையிலா? அப்படியானால் அவன் அங்கே கிடப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அடுத்த கவளத்தை எடுத்திருக்கிறேன். இல்லை, வேறொரு ஒத்திகையில், வராந்தாவில் டீ குடித்துக்கொண்டு நின்றபோதா? அப்படித்தான் இருக்கும், வராந்தாவில்தான் என்று எனக்கு நானே எத்தனையோ முறை தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். அந்த அதிகாரிகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாதகிரியைத் தேடிப் போய்க் கேட்டேன். "மேசையில பேசினது எனக்கு எப்படித் தெரியும் அண்ணா, நான் வெளியதானே இருந்தேன்" என்றான். ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஆனால் சிரித்தபோது என் வாயில் எலுமிச்சை பிழிந்த வெங்காயம் இருந்ததே... டீயோடு யார் வெங்காயம் தருவார்கள்?

மல்காஜ்கிரியில் சொந்தமாக வீடு கட்டினேன். ஒவ்வொரு செங்கல்லும் என் உழைப்பு. கூடத்துச் சுவரில் அந்தக் கேடயம். அதற்குக் கீழே கட்டிலில் ஏகாம்பரம். கல்யாணம் ஆகவில்லை, யார் கொடுப்பார்கள்? சரோஜா அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறாள். அவளுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன், அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேனோ என்னவோ.

மத்தியானத்தில் அவன் வெளிச்சம் கூசி, முகம்வரை போர்த்திக்கொண்டு தூங்குகிறான். எதிரே நாற்காலியில் நான். பார்க்கச் சகிக்காமல் எழுந்துபோய் போர்வையைத் தூக்கி, "எந்திரிடா" என்பேன்.

"கொஞ்ச... நேரம்... படுத்துக்கிறேன்... மாமா" என்பான்.

நான் அவன் வாயில் வைத்த அதே வார்த்தைகள். அக்கா சொல்லிச் சொல்லிப் பதிந்ததா, அவனுடைய சொந்தப் பேச்சா, தெரியாது. கேட்கக் கேட்க, அன்றைக்கும் நான் தார்ப்பாயைத் தூக்கியிருப்பேனோ, அவனும் இப்படியே சொல்லியிருப்பானோ என்று மனசு மெல்ல நழுவப் பார்க்கிறது.

இல்லை. நான் தூக்கவில்லை.

போர்வையை மறுபடி அவன் முகத்தில் போடத் தைரியம் வராமல், அதைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறேன்.